வண்டி எப்படி நகர்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியை. அடுத்த மாதம் எங்கள் கல்லூரியில் ‘புதுமைக் கற்பித்தலும் கல்வித் தலைமையும்’ என்று ஒரு கருத்தரங்கம், அதில் நான் கட்டுரை வாசிக்க வேண்டும். ஸ்மார்ட் போர்டு, வினாடிவினா செயலி, வீடியோ எல்லாம் வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஆனாலும் கேள்வி கேட்டால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. இந்தத் தலைமுறைக்கு ஆர்வமே இல்லையோ என்று தோன்றுகிறது. துறைத்தலைவரோ போர்ஷன் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்கிறார். கட்டுரைக்கு எந்தெந்த நூல்களைப் படிக்கலாம்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

‘கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை’ என்ற வரியில் நின்றுவிட்டேன். என் பழைய ஆசிரியர் ஒருவர் போன மாதம் காலமானார். அன்றிலிருந்து நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்மார்ட் போர்டை விடுங்கள், கரும்பலகையில் எழுதியதையே பளபளப்பாகக் காட்டும் பலகை அது. செயலியும் அப்படித்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கேள்வி கேட்டபிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஐம்பது வருடத்துக்கு முன்பே பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து இதை அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு நொடி. அதற்குள் ஆசிரியர் அடுத்த பிள்ளையிடம் தாவிவிடுகிறார், இல்லையென்றால் பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். மூன்று நொடியாவது பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று நொடி! கண்டக்டர் சில்லறை தேடும் நேரம்கூட இல்லை. அதைக் கொடுத்துப் பார்க்காமல் ஒரு தலைமுறைக்கே ஆர்வமில்லை என்று எழுதுகிறீர்கள். நீங்களே அவர்களைவிடப் பத்துப் பதினைந்து வயதுதான் மூத்தவராக இருப்பீர்கள்.

என் ஆசிரியர் 1983இல் எங்கள் பி.எஸ்ஸி. முதலாண்டு வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதிப்போட்டுவிட்டுக் கேட்டார்: “மாடு வண்டிய முன்னால இழுக்குது. வண்டியும் மாட்ட அதே விசையில பின்னால இழுக்குது. அப்புறம் வண்டி எப்படிடா நகருது?” கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய், மடியிலிருந்த பொடி டப்பாவை எடுத்து, நிதானமாக ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு வெளியே வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதல் பெஞ்சிலிருந்து ஒருவன் விதியை அப்படியே ஒப்பித்தான். “அது புத்தகத்துல இருக்கு” என்றார், திரும்பாமலேயே. மறுபடி மௌனம். எங்களுக்கு வியர்த்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், “சார், சேத்துல கால் வழுக்கினா மாடு என்ன முக்கினாலும் வண்டி நகராது சார்.” நெல்மூட்டை வண்டி ஓட்டுகிற வீட்டுப் பையன், இங்கிலீஷுக்குப் பயந்து அதுவரை வகுப்பில் ஒரு சொல் பேசாதவன். “ஏன் நகராது?” என்று சார் திரும்பினார். “மாடு தரைய உதைக்கணும்ல சார். தரை திருப்பித் தள்ளினாத்தான போகும்?” அன்று மணியடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரிந்த இயற்பியலில் பாதி அந்தப் பையன் சொல்லிக்கொடுத்ததுதான்.

எங்கோ சின்ன ஊர்க் கல்லூரியில் நடந்தது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர், மாணவர்கள் பாராட்டிய பேராசிரியர். 1990 வாக்கில் தன் வகுப்புக்கு எளிய கேள்விகள் சில கொடுத்துப் பார்த்தார். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதை அதிக விசையோடு தாக்கும் என்பது போன்றவை. இரண்டும் சமம் என்று அதே மூன்றாம் விதி சொல்கிறது, ஆனால் பெரிய கணக்கெல்லாம் போட்டவர்களில் பலர் லாரி என்றார்கள். ஒரு மாணவர், நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். அதன்பிறகுதான் அவர் கேள்வி கேட்டுவிட்டு மாணவர்களைப் பக்கத்திலிருப்பவரோடு வாதாடவிட ஆரம்பித்தார். பொடி மட்டும்தான் போடவில்லை.

சரி, தலைமை. எங்கள் சார் போர்ஷன் முடிக்கவில்லை என்று புகார் போனது. கொடுத்தவர்கள் எங்கள் வகுப்புப் பையன்கள்தான். இதுவும் உலக வழக்கம்தான். அதே ஹார்வர்டில் 2019இல் ஓர் ஆய்வு வந்தது. சும்மா கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களைவிடத் தாங்களே முட்டிமோதிக் கணக்குப் போட்டவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகச் சொன்னார்கள். மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் பார்க்கும் முதல்வர் யாருக்கு மெமோ கொடுப்பார், யோசியுங்கள்.

எங்கள் துறைத்தலைவர் ஒருநாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணிநேரம். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அடுத்த வாரத்திலிருந்து காலை எட்டு மணிக்கு எங்களை வரச்சொல்லி, மிச்சமிருந்த இரண்டு யூனிட்டை அவரே நடத்தி முடித்தார். “அவர் அப்படியே நடத்தட்டும், போர்ஷனை நான் பாத்துக்கறேன்” என்று முதல்வரிடம் சொன்னதாக லேப் அட்டெண்டர் பின்னால் சொன்னார். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் படிவத்தில் கற்பித்தல் இரண்டாவது தலைப்பாகவும் தலைமை ஆறாவது தலைப்பாகவும் இருந்தன, இரண்டுக்கும் தனித்தனி ஃபைல். அந்த எட்டு மணி வகுப்பை எந்த ஃபைலில் வைப்பீர்கள்? உங்கள் துறைத்தலைவரைக் குறை சொல்லும் முன் ஒருநாள் அவரைக் கடைசி பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டீர்களா?

உங்களைத் திட்ட எனக்குத் தகுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் இரண்டு வருடம் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். அதே மாட்டுவண்டிக் கேள்வியைக் கேட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் உதடு அசைந்தது. எனக்குப் பயம், வகுப்பு கைவிட்டுப் போகிறதோ என்று. பதிலைச் சொல்லிவிட்டேன். அவள் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நூல்பட்டியல் கேட்டிருந்தீர்கள் இல்லையா, மறந்தே போனேன். கருத்தரங்கம் அடுத்த மாதம்தானே, அதற்குள் முப்பது வகுப்பாவது உங்களுக்கு இருக்கும். கேள்வி கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நில்லுங்கள். அப்புறம் எழுதுங்கள், பட்டியல் அனுப்புகிறேன்.