ஈடுகொடுக்க முடியும் என்றார்கள், கொடுக்கவில்லை

"உலகமயமாக்கலால் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மீண்டிருக்கிறார்கள். பிறகு ஏன் அதன் சமூக, அரசியல் விலையைப் பற்றி இவ்வளவு பேச்சு? அந்த விலைதான் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியின் முதல் பாதியை நான் மறுக்கப் போவதில்லை. 1990-ல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கொடிய வறுமையில் இருந்தார்கள். 2015-ல் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதில் பெரும்பகுதி சீனாவில் நடந்தது. ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இல்லாமல் இந்த வேகம் சாத்தியப்பட்டிருக்காது. இதை மறைத்துவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கல்லூரியில் பொருளியல் படித்தபோது, தடையற்ற வாணிபத்தின் நியாயத்தை ஆசிரியர் கரும்பலகையில் நிறுவிக் காட்டுவார். இரு நாடுகளுக்கும் மொத்தத்தில் ஆதாயம் உண்டு. உள்நாட்டில் சிலர் இழப்பார்கள். ஆனால் ஆதாயம் இழப்பைவிடப் பெரியது, ஆகவே பெற்றவர்கள் இழந்தவர்களுக்கு ஈடுகொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும். கணக்கில் பிழையில்லை. ஆனால் "கொடுக்க முடியும்" என்பதோடு பாடம் முடிந்துவிடும். யார் கொடுப்பார், எப்போது கொடுப்பார், கொடுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் கேட்கும் விலையில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

நாடுகளிடையே வாணிப விதிகளை வகுக்கும் உலக வர்த்தக அமைப்பில் சீனா 2001 டிசம்பரில் சேர்ந்தது. அதன் மலிவான பொருள்களுக்கு வழி இன்னும் அகலமாகத் திறந்தது. அமெரிக்காவில் 2000-ல் ஏறத்தாழ 1.7 கோடிப் பேர் ஆலை வேலையில் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அது சுமார் 1.15 கோடியாகச் சரிந்தது. இயந்திரங்களுக்கும் 2008 நெருக்கடிக்கும் இதில் பெரும் பங்குண்டு. எல்லாப் பழியையும் இறக்குமதியின் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனால் டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள் வட்டாரம் வட்டாரமாகப் பார்த்தபோது, பாடநூல் சொல்லாத ஒன்று தெரிந்தது. ஆலை மூடினால் தொழிலாளி வேறு ஊருக்குப் போய் வேறு வேலை தேடிக்கொள்வார் என்பது கோட்பாடு. பெரும்பாலோர் போகவில்லை. எப்படிப் போவார்கள்? ஊரே நொடிந்து கிடக்கும்போது வீட்டை யார் வாங்குவார்? அடிபட்ட வட்டாரங்களில் பத்தாண்டு கடந்தும் வேலையும் கூலியும் தாழ்ந்தே இருந்தன. உடல் இயலாமைக்கான உதவித்தொகையை நம்பி வாழ்வோர் பெருகினார்கள். இளைஞர்களிடையே திருமணங்கள்கூடக் குறைந்தன. மலிவான சட்டையின் ஆதாயம் நாடு முழுவதற்கும் சில்லறை சில்லறையாகப் பகிரப்பட்டது. இழப்போ குறிப்பிட்ட சில ஊர்களின் தலையில் மொத்தமாக இறங்கியது.

வேலை போய்ச் சேர்ந்த இடத்திலும் விலை கொடுத்தார்கள். 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். உரிமையாளரின் பேராசையோடு அந்தக் கதையை முடித்துவிட என்னால் முடியவில்லை. ஆர்டர் கைநழுவி அடுத்த நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சத்தில்தான் அந்தத் தொழில் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. சில வாரங்களிலேயே தொழிற்சங்கங்களும் உலகின் பெரிய ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் ஆய்வு செய்யப்பட்டன. இவ்வளவு விரைவில் செய்யக்கூடிய காரியத்தை, அத்தனை உயிர் போகும்வரை ஒருவரும் செய்யவில்லை. எனக்கு ஆத்திரம் பொங்குவது இந்த இடத்தில்தான்.

அரசியல் விலை இதைவிட ஆபத்தானது. 1997 ஜூலையில் தாய்லாந்தின் நாணயம் சரிந்ததும் வெளிநாட்டுப் பணம் இந்தோனேசியாவிலிருந்தும் வெளியேறத் தொடங்கியது. டாலருக்கு 2,400 என்ற அளவில் இருந்த அந்நாட்டு நாணயமான ருபியா ஏழே மாதங்களில் 10,000-ஐத் தாண்டிப் போனது. நெருக்கடியில் சிக்கும் நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) கடன் தந்தது, நிபந்தனைகளோடு. 1998 ஜனவரியில் அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்திட, ஐ.எம்.எஃப். தலைவர் மிஷேல் காம்டெசு கைகளைக் கட்டிக்கொண்டு மேலிருந்து பார்க்கும் புகைப்படம் உலகெங்கும் வெளியானது. மே மாதம் எரிபொருள் மானியம் வெட்டப்பட்டு விலை ஏறியது. கலவரம் மூண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு போன வங்கிகள் கைக்கெட்டாத தொலைவில் இருந்தன. எரிக்கப்பட்டவை சீன வம்சாவளியினரின் கடைகள். சுகார்த்தோ ஒரு சர்வாதிகாரி, அவர் பதவி இழந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நாடு விட்டு நாடு பாயும் மூலதனத்துக்குச் சில வேளைகளில் கட்டுப்பாடு தேவை என்று ஐ.எம்.எஃப். அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2012-ல்.

கோபம் காரணமானவரைச் சென்று அடைவதில்லை. கைக்கு எட்டுபவர் மேல் விழுகிறது. 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தபோதும், சீன இறக்குமதியால் அதிகம் அடிபட்ட பகுதிகளில் விலகலுக்கு ஆதரவு கூடுதலாக இருந்ததாக ஆய்வுகள் காட்டின. மேடைகளில் ஓங்கி ஒலித்ததோ குடியேறிகளைப் பற்றிய பேச்சு.

வாக்குச்சீட்டின் வலிமையும் குறைந்துகொண்டு வருகிறது. உருகுவே புகையிலைக் கட்டுப்பாட்டை இறுக்கியதற்காக, 2010-ல் ஃபிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம், வெளிநாட்டு முதலீட்டைக் காக்கும் ஒப்பந்தத்தின் பெயரில் அந்த நாட்டைப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. 2016-ல் உருகுவே வென்றது. ஆனால் இப்படிப்பட்ட வழக்கு தோற்றாலும் வேலை செய்கிறது: சிகரெட் பெட்டிகளில் நிறுவனச் சின்னங்களுக்குத் தடை விதித்த ஆஸ்திரேலியா மீது தொடுக்கப்பட்ட வழக்குகளின் முடிவு தெரியட்டும் என்று நியூசிலாந்து தன் அதே போன்ற சட்டத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது. ஆட்சியை மாற்றலாம், ஆனால் ஆட்சிக்கு வருகிறவர் எதைச் செய்யத் துணிவார் என்பது வேறெங்கோ முடிவாகிறது என்று ஒருவர் உணர்ந்துவிட்டால், அடுத்த தேர்தலில் எல்லாவற்றையும் உடைப்பேன் என்பவருக்கு அவர் வாக்களிப்பதைப் பார்த்து நான் வியப்பதில்லை. அஞ்சுகிறேன்.

இழந்தவர்களுக்கு ஈடுகொடுக்க அரசிடம் பணம் வேண்டும். பணம் வரியிலிருந்து வர வேண்டும். ஆனால் வரி ஏறினால் வேறு நாட்டுக்குப் போவேன் என்று சொல்லும் வலிமையை மூலதனத்துக்குக் கொடுத்ததும் இதே உலகமயமாக்கல். 1980-ல் நிறுவனங்களின் லாபத்தின் மேல் நாடுகள் விதித்த வரி சராசரியாக 40 சதவீதம் அளவில் இருந்தது. இன்று 25-க்கும் கீழே. இந்தப் போட்டியை நிறுத்தத்தான் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் 2021-ல் 15 சதவீதக் குறைந்தபட்ச வரிக்கு உடன்பட்டன. அதிலும் எத்தனை இழுபறி!

ஈட்டுத்தொகைக்கென்றே ஒரு திட்டம் அமெரிக்காவில் இருந்தது. சுங்க வரிகளைக் குறைக்க அதிகாரம் கேட்ட அதிபர் கென்னடி, 1962-ல் அதே சட்டத்தில் இறக்குமதியால் வேலை இழப்போருக்கான உதவியையும் சேர்த்தார். அந்தத் திட்டத்தை நீட்டிக்க நாடாளுமன்றம் வாக்களிக்கவில்லை. 2022 ஜூலை முதல் அதில் புதிதாக எவருக்கும் ஒப்புதல் தருவதில்லை.