தோலில் ஒட்டும் வலிக்காத பேட்ச் தடுப்பூசி, நானோ தடுப்பூசி என்கிறார்களே, உண்மையா? குழந்தைக்கு எப்போது கிடைக்கும்?

உண்மைதான். ஆனால் இன்னும் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கும் போல. பேட்ச் வரட்டும் என்று 9 மாத எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். தட்டம்மை அதுவரை சும்மா இருக்காது.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். விஞ்ஞானி இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் எம்.ஆர். பேட்ச்சைக் குழந்தைகளின் மணிக்கட்டில் ஒட்டிப் பார்த்தார்கள். முடிவு 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பேட்ச் ஒட்டிய கைக்குழந்தைகளில் 93 சதவீதம் பேருக்குத் தட்டம்மை எதிர்ப்பு வந்தது, ஊசி போட்டவர்களில் 90. பேட்ச்சில் இருக்கும் நுண்ணூசிகள் தோலிலேயே கரைந்துவிடும். அதில் நானோ (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்) எதுவும் இல்லை, உயிருள்ள வலுக்குறைத்த வைரஸ்தான். நானோ கொழுப்புத் துகளில் எம்.ஆர்.என்.ஏ. (கிருமியின் புரதத்தைச் செய்யச் சொல்லி உடம்புக்குத் தரும் மரபுக் குறிப்பு) வைத்து பேட்ச் செய்வது வேறு ஆராய்ச்சி. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக்காரர்கள் 2023-ல் அதை அச்சடிக்கும் மெஷினே செய்து காட்டினார்கள்.

தோலில் மருந்து வைப்பது ஒன்றும் புதுசு இல்லை. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை அப்படித்தான் போடுகிறோம். போலியோ ஊசியும் தோலுக்குள் என்றால் 0.5 மில்லிக்குப் பதில் 0.1 போதும், தோலில் எதிர்ப்புச் செல்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் பிறந்த குழந்தையின் தோலுக்குள் ஊசிமுனையைச் செருகி, பயறு அளவுக்குக் கொப்புளம் எழுப்புவது எல்லார் கைக்கும் வராது. எனக்கு வரும்!

எல்லாரும் வலியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வயல், அதாவது பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும் சின்னக் குப்பி. எம்.ஆர். தூளாக வரும், டைலூயன்ட் (கரைக்கும் திரவம்) விட்டுக் கலக்க வேண்டும், கலந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு முறை மலையடிவாரக் குடியிருப்புக்கு வேக்சின் கேரியரை (தடுப்பூசிக் குளிர்பெட்டி) தூக்கிக்கொண்டு போனால், வந்தது ஒரே குழந்தை. வயலை உடைத்துப் போட்டேன், மிச்சத்தைக் கொட்டினேன். ஒரு குழந்தை வந்தாலும் உடை என்பதுதான் விதி. ரிவ்யூ மீட்டிங்கில் ஒரு அதிகாரி "ஏம்மா இவ்ளோ வேஸ்டேஜ்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சர்க்குலரை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அப்புறம் பேச்சே இல்லை. பேட்ச் என்றால் ஆளுக்கு ஒன்று, கலக்கவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம்.

"அரசு ஊழியர் சம்பளம் வாங்கிட்டுப் புலம்புறாங்க" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஒரே குழந்தையின் விவரத்தை ரிஜிஸ்டரில் எழுதி, மறுபடி ஆப்பில் ஏற்றி, சிக்னல் இல்லாமல் ராத்திரி மொட்டை மாடியில் நின்று பாருங்கள். பயணப்படி பில்லோ, நான் ஓய்வு பெற்றபோதும் "ப்ராசஸ்ல இருக்கு" என்றுதான் சொன்னார்கள்.