கர்ப்பத்தில் சினைப்பைக் கட்டி: உங்கள் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 8 வாரம். முதல் ஸ்கேனிலேயே வலது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி என்று எழுதிவிட்டார்கள். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை மேடம்.

முதலில் சாப்பிடுங்கள் அம்மா. முட்டை வெளியேறிய இடத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்ற சிறு சுரப்பி உண்டாகும். நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்கும்வரை, கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரோனைச் சுரப்பது அதுதான். அதற்குள் நீர் சேர்ந்தால் ஸ்கேனில் கட்டியாகத் தெரியும். ரிப்போர்ட்டில் மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் 16 வாரத்துக்குள் தானாகவே சுருங்கிவிடும். ஊசி போட்டு நீரை எடுக்கத் தேவையில்லை.

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பே எனக்கு பிசிஓடி நீர்க்கட்டி இருந்தது. அதுதான் இப்போது வளர்ந்துவிட்டதா?

இல்லை. இரண்டையும் நீர்க்கட்டி என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. பிசிஓடியில் தெரிபவை சில மில்லிமீட்டர் அளவுள்ள, முழுதாக வளராத முட்டைப்பைகள். கர்ப்பத்தில் இப்போது தெரியும் கட்டி வேறு.

கேள்வி: 15 வாரம், 6 செ.மீ. கட்டி இருக்கிறது. காலையிலிருந்து இடது அடிவயிற்றில் சுரீரென்று வலி, வாந்தி. விட்டுவிட்டு வருகிறது. வாய்வுதான், ஓமத்தண்ணீர் குடி என்கிறார் அத்தை.

இப்போதே கிளம்புங்கள். வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். கட்டியின் கனத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டால் இப்படித்தான் வலிக்கும். முறுக்கு கொஞ்சம் தளர்ந்தால் வலி விடும், மறுபடி வரும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு ராத்திரி பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே சினைப்பை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். நேரத்தோடு முறுக்கை எடுத்துவிட்டால் அப்படிக் கறுத்த சினைப்பைகூடப் பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: 13 வாரம், 8 செ.மீ. டெர்மாய்டு. 16ஆம் வாரத்தில் ஆபரேஷன் என்கிறார்கள். குழந்தை தாங்குமா?

டெர்மாய்டு கரையாத வகை. திறந்தால் வெண்ணெய் போன்ற கொழுப்பும் அதில் சிக்கிய முடிக்கற்றையும் இருக்கும், சில நேரம் பல்லும். சிறிதாக இருந்தால் பிரசவம்வரை கவனித்துக்கொண்டே போகலாம். 8 செ.மீ. என்றால் முறுக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. 16 வாரம் நல்ல நேரம்: இயல்பாகவே கருக்கலையக்கூடிய காலம் தாண்டியிருக்கும், புரோஜெஸ்ட்ரோனை நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்ளும், கருப்பையும் இடத்தை அடைக்கும் அளவுக்குப் பெருத்திருக்காது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ரோஸ்கோப்பியிலேயே செய்யலாம். சினைப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் முடியும். திடீர் வலியோடு நடுராத்திரியில் செய்வதைவிட நாள் குறித்துச் செய்வது உங்களுக்கும் குழந்தைக்கும் நல்லது.

கேள்வி: சிஏ 125 டெஸ்டில் 70 வந்திருக்கிறது. புற்றுநோயா டாக்டர்?

சிஏ 125 என்பது ரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதம். சினைப்பைப் புற்றுநோயில் அது ஏறலாம், ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தானாகவே ஏறும். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்கேனில் திடமான பகுதி, சுவரிலிருந்து உள்ளே நீட்டும் முளைகள், அவற்றில் ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சாய ஊசி போடாமல் எம்ஆர்ஐ எடுக்கலாம். கர்ப்பத்தில் புற்றுநோய் அரிது. அப்படியே இருந்தாலும், பலருக்குக் கர்ப்பத்தைத் தொடர்ந்தபடியே ஆபரேஷனும், முதல் மூன்று மாதம் கழித்துக் கீமோவும் கொடுக்க முடிகிறது.

கேள்வி: ஃபைப்ராய்டு கட்டி, 20 வாரம், கடும் வலி. எடுத்துவிடலாமா?

ஃபைப்ராய்டு சினைப்பையில் அல்ல, கருப்பையின் தசையில் வரும் கட்டி. ரத்தப்போக்கு அதிகமாகும் என்பதால் கர்ப்பத்தில் பொதுவாக எடுப்பதில்லை. டாக்டர் பார்த்து, வலி ஃபைப்ராய்டால்தான் என்று உறுதியானால் ஓய்வு, நீர்ச்சத்து, பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எதையும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: கட்டி இருந்தால் சிசேரியன்தானா?

கட்டி இடுப்புக்குள் இறங்கிக் குழந்தையின் வழியை மறித்தால்தான். இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்கும்போதும் முறுக்கு வரலாம். அந்த வாரங்களில் திடீர் வலி வந்தால் தையல் வலி என்று விட்டுவிடாதீர்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் எடுங்கள்.