ஈயச் சொம்பு ரசமும் ஜன்னல் பெயின்டும்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. வீட்டில் ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறோம். குழந்தைக்கும் அதையே சோற்றில் பிசைந்து ஊட்டுகிறோம். ஈயம் விஷம் என்கிறாள் என் தோழி. "காலங்காலமாகச் சாப்பிடுகிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?" என்கிறார் மாமியார். குழந்தை மண் தின்கிறாள். பழைய ஜன்னலில் உரியும் பெயின்டையும் பிய்த்து வாயில் போடுகிறாள். என்ன செய்வது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி. ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்ய வேண்டியது. சுத்தமான வெள்ளீயத்தால் பயமில்லை. விலை மலிவான காரீயத்தை (லெட்) அதில் கலந்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். விஷம் அந்தக் காரீயம்தான்; இனி ஈயம் என்று நான் சொல்வதெல்லாம் அதைத்தான். அதைக் கண்ணால் பார்த்தோ, காகிதத்தில் தேய்த்தோ உறுதியாகச் சொல்ல முடியாது. புளியும் தக்காளியும் சேர்ந்து கொதிக்கும்போது காரீயம் ரசத்தில் இறங்கும். அதனால் குழந்தைக்காவது இன்றே எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறிவிடுங்கள். பாட்டியின் ரசம் அதிலும் மணக்கும்.

'யாருக்கு என்ன ஆயிற்று' என்பதற்குப் பதில்: பெரும்பாலும் வெளியே ஒன்றுமே தெரியாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல் எல்லாம் உடலில் ஈய அளவு ஏறிய பிறகுதான் வரும். அதற்கு முன்பே கற்கும் திறனையும் கவனத்தையும் அது பாதித்திருக்கும். உட்கொள்ளும் ஈயத்தில் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு குழந்தையின் உடலில் சேரும்.

ஆனால் சொம்பைவிட எனக்குக் கவலை தருவது அந்த ஜன்னல்தான். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் நிறையவே இருக்கலாம். தயவுசெய்து நீங்களே உப்புத்தாள் போட்டுச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசி இன்னும் மோசம். இப்போதைக்குக் கட்டிலையும் விளையாட்டுச் சாமான்களையும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். உரியும் இடத்தை அட்டையால் மூடி ஒட்டுங்கள். கீழே துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெயின்டை நீக்கும் நாளில் குழந்தை வேறு வீட்டில் இருக்கட்டும்.

அடுத்து, மண் தின்பது. பூச்சி என்று ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். இரும்பு குறைந்த உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஆகவே குழந்தை நல மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபினோடு ரத்தத்தில் ஈய அளவையும் பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாக வந்தால், நரம்பில் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். விரலில் ஒட்டிய தூசியே கணக்கைக் கெடுத்துவிடும்.

ஒரு டெசிலிட்டரில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும், அதுவும் மருத்துவமனை மேற்பார்வையில். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: குழந்தையின் அப்பாவுக்கு என்ன வேலை? பேட்டரி கடை, பெயின்டிங், பழைய இரும்பு வியாபாரம் என்றால் வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்க வேண்டாம். குளித்து மாற்றிய பிறகு தூக்கட்டும், அந்த உடுப்பைத் தனியே துவையுங்கள். கண்மை, வீட்டில் தரும் செந்தூரம், பற்பம் போன்ற நாட்டு மருந்து ஏதும் இருந்தால் அவற்றையும் மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.