"அக்கா" எப்போது "மேடம்" ஆனது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 34 வயது. எட்டு பேர் கொண்ட டீமுக்குப் போன வருடம்தான் லீட் ஆனேன். போன மாதம் வாடிக்கையாளருக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில் கணக்கு தவறிவிட்டது. பழைய ஃபைலையே வைத்துச் செய்யச் சொன்னது நான்தான். ஆனால் மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டபோது, "புதுப் பையன் சார், செக் பண்ணாம விட்டுட்டான்" என்று வாயில் வந்துவிட்டது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

அப்புறம் டீமே மாறிவிட்டது. முன்பெல்லாம் "அக்கா, இது சரியா வராது" என்று மல்லுக்கு நிற்பார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் "ஓகே மேடம்". அவனுக்கு இந்தத் தடவை நல்ல ரேட்டிங் போட்டுச் சரிக்கட்டிவிடலாமா? மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எந்த மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள்? "அக்கா" என்று சண்டை போட்டவர்கள் "மேடம்" என்று ஒதுங்கியபோதே அது போய்விட்டது.

ரேட்டிங் யோசனையை விட்டுவிடுங்கள். அது வாயை அடைக்கக் கொடுத்தது என்று அவருக்கும் புரியும், மற்ற ஏழு பேருக்கும் புரியும். (நீங்கள் "பையன்" என்கிறீர்கள். நான் "அவர்" என்றே எழுதுகிறேன்.)

முதலில் மேனேஜரிடம் போங்கள். டீமிடம் உருக்கமாகப் பேசிவிட்டு, மேலிடத்தில் அவர் பெயர் கெட்டது கெட்டபடியே கிடந்தால் அவருக்கு என்ன லாபம்? "பழைய ஃபைலை எடுக்கச் சொன்னது நான். அவரைக் கைகாட்டியது தப்பு" என்று நேரில் சொல்லுங்கள். மெயிலிலும் இரண்டு வரி போட்டுவிடுங்கள்.

அடுத்து அவரிடம், தனியாக. "அன்னிக்கு எனக்கு டென்ஷன்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவர் தலையில் விழும். "பரவாயில்லை மேடம்" என்பார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், லீடிடம் வேறு என்ன சொல்ல முடியும்? டீம் முன்னாலும் சொல்லட்டுமா என்று அவரையே கேளுங்கள். பழி எல்லார் காதிலும் விழுந்தது, அதனால் சொல்வதே நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பேச்சே மறுபடி வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு.

டீமின் மௌனம் இதனால் மறுநாளே கலைந்துவிடாது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்ற முடிவுக்குத்தான் அவர் வந்தார். உங்கள் டீமில் இப்போது எந்தத் தவறும் காதுக்கு வரவில்லை என்றால் நிம்மதிப்பட வேண்டாம். யாராவது தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்ல வரும்போது உங்கள் முதல் கேள்வி "யார் செஞ்சது?" என்று இருக்கக் கூடாது. "இப்ப என்ன நிலைமை, நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். எட்டு பேரும் அதைக் கவனிப்பார்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் தூக்கம் வராமல் வாரக்கணக்கில் இழுத்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். முதலில் அந்த இரண்டு வரி மெயில் போகட்டும்.