புதிய டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

மிரர்லெஸ் கேமராவுக்கான (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத வகை) 100-400 மி.மீ. போன்ற ஜூம் லென்ஸை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீள முனையிலிருந்து, அதாவது முழுக்க ஜூம் செய்த நிலையிலிருந்து, தொடங்குங்கள். உங்கள் படங்களில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கும், 100 மி.மீ.யில் கூர்மையாக இருந்து 400-இல் குழைந்துபோகும் லென்ஸால் என்ன பயன்?

கேமராவை முக்காலியில் பொருத்துங்கள். ஒரே பொருளைச் சட்டகத்தின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கக்கூடும். மாற்றித் தரக் கேளுங்கள். நண்பகலில் தொலைதூரப் பொருளை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். சூடான காற்றின் அலைவு எந்த லென்ஸையும் மட்டமாகக் காட்டும். அப்படி ஒரு நல்ல லென்ஸைத் திருப்பிக் கொடுத்த அறிவாளி நான்.

அடுத்தது துளை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் வாய்; எஃப் எண் கூடக் கூட அது சிறுக்கும். பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் காலத்தில் எஃப் 8-ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸ் பொதுவாகக் கைவிட்டுவிடும். மிரர்லெஸ்ஸில் அந்தத் தடை தளர்ந்ததால், கேனனின் ஆர்.எஃப். 200-800 நீள முனையில் எஃப் 9 வரை போகிறது. வெயிலில் கவலையில்லை. அந்தியில் பறவை எடுப்பவருக்கு, எஃப் 5.6-ஐவிட ஒரு ஸ்டாப்புக்கும் மேல் (அதாவது பாதிக்கும் மேல்) ஒளி குறையும், ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு எண் ஏறும்.

டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி, இன்னும் நெருக்கமாகக் காட்டும் துணைக்கருவி) எண்ணம் இருந்தால் சிறு எழுத்துகளைப் படியுங்கள். கேனன் ஆர்.எஃப். 100-500-இல் அதை மாட்டினால் 300-க்குக் கீழே ஜூம் செய்ய முடியாது.

எடையைக் கையில் பிடித்தே முடிவுசெய்யுங்கள். சோனி 200-600 இரண்டு கிலோவைத் தாண்டும். ஆனால் ஜூம் செய்யும்போது நீளாததால் சமநிலை பெரிதாக மாறாது.