மேப்பிள் எல்லாம் ஒன்றா?

கேள்வி: மேப்பிள் மரங்கள் அனைத்துக்கும் கனடாக் கொடியில் இருப்பது போன்ற இலைதானா?
– வாசகர், மயிலாப்பூர், சென்னை

பதில்: இல்லை. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் முறையாக வகுத்த, மேப்பிள் மரங்கள் அடங்கிய ஏசர் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. கனடாவையே நினைப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம், அவற்றில் பெரும்பாலானவை ஆசியாவைச் சேர்ந்தவை. இமயமலையில் வளரும் ஏசர் ஆப்லாங்கத்தின் இலை பிளவுபடாமல் நீண்டிருக்கும்; வட அமெரிக்காவின் ஏசர் நெகுண்டோவுக்கோ பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை. ஆகவே இலையின் வடிவத்தை மட்டும் நம்பாமல், இலைகள் எதிரெதிராக அமைந்திருப்பதையும், இரட்டைச் சிறகுடன் சுழன்று விழும் கனியையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. முன்பு ஏசரேசி என்ற தனிக் குடும்பமாக இருந்த இவற்றை, மரபணு ஆய்வுகளுக்குப் பின் சாப்பின்டேசி குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். நாம் தோசை மாவில் அரைத்துச் சேர்க்கும் முடக்கத்தானும், பூந்திக்கொட்டையும், லிச்சியும் அதே குடும்பத்தவை.